குக்கியில் எதை வைப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

மளிகைக் கடை ஒன்றுக்குப் பிஎச்பியில் தளம் எழுதுவதாகச் சொல்லி, "லாகின் ஆனவரின் ஐடியைக் குக்கியில் வைத்துவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. இதில் தவறு உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள்.

உண்டு. அதே தவறை என் முதல் புராஜெக்டில் நானும் செய்தேன். அது ஒரு ஜவுளிக் கடையின் தளம். குக்கியில் பயனர் ஐடி 17 என்று இருந்தது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்த நண்பர் பிரவுசரிலேயே அதை 18 என்று மாற்றி ரீஃப்ரெஷ் செய்தார். யாரோ ஒரு பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, வாங்கிய சேலைகளின் பட்டியல் எல்லாம் திரையில் வந்து நின்றன. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது.

குக்கி ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒரே ஆள் பத்து முறை பக்கம் கேட்டாலும் பத்து முறையும் அவர் அதற்குப் புது ஆள்தான். இதைச் சரிசெய்ய 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மாண்டுல்லி குக்கியை உருவாக்கினார். பாதியில் நிற்கும் கொள்முதல் விவரத்தைத் தங்கள் சர்வரில் சுமக்க விரும்பாத ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் கேட்டுத்தான் அந்த யோசனை வந்தது. ஆகவே குக்கியில் சரக்கையே வைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் பயனரின் கணினியில் இருப்பதை அவர் திருத்தலாம் என்பதை மறக்கக் கூடாது.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். செருப்பு அவர்கள் அடுக்கில் இருக்கும், நம் கையில் எண் மட்டும். செஷன் என்பது அதுதான். யார் லாகின் ஆனார், கூடையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சர்வரில் இருக்கட்டும். குக்கியில் ஓர் அடையாள டோக்கன் மட்டும் போகட்டும். ஆனால் அது கோயில் டோக்கன் மாதிரி வரிசை எண்ணாக இருக்கக் கூடாது. யாராலும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவையாக இருக்க வேண்டும். அதை நீங்களே தயாரிக்காதீர்கள், பிஎச்பியே தரும்.

அந்த டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பயனர் என்று சர்வர் நம்பிவிடும். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் 'ஃபயர்ஷீப்' என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டு இதை உலகுக்கே காட்டினார். பூட்டில்லாத வைஃபையில் உட்கார்ந்து அதை இயக்கினால், அதே வைஃபையில் இருந்தவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் பட்டியலாக வந்தன. பெயரைக் கிளிக் செய்தால் உள்ளே போய்விட முடிந்தது. அன்று பல தளங்கள் பாஸ்வேர்டை மட்டும் மறையாக்கம் செய்து அனுப்பிவிட்டு, அதன் பிறகு குக்கியைத் திறந்தபடியே அனுப்பிக்கொண்டிருந்தன. அதனால் தளம் முழுவதும் ஹெச்டிடிபிஎஸ் வேண்டும், குக்கியில் 'செக்யூர்' என்ற குறி வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்காமலிருக்க 'ஹெச்டிடிபி ஒன்லி', வேறொரு தளம் நம் பயனர் பெயரில் கோரிக்கை அனுப்பாமலிருக்க 'சேம்சைட்'. மூன்றும் செட்டிங்கில் மூன்றே வரிகள்.

பலர் கோட்டை விடுவது லாகினிலும் லாகவுட்டிலும்தான். லாகின் ஆனதும் பழைய டோக்கனை ஒழித்துப் புதியது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், தனக்குத் தெரிந்த டோக்கனை முன்பே ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் லாகின் ஆகும்வரை காத்திருந்து கூடவே உள்ளே நுழையலாம். லாகவுட்டில் குக்கியை அழித்தால் மட்டும் போதாது, சர்வரில் உள்ள செஷனையும் அழிக்க வேண்டும். முன்பே யாராவது டோக்கனைப் பிரதி எடுத்திருந்தால், சர்வரில் செஷன் இருக்கும்வரை அது செல்லும். வெளியேறிவிட்டோம் என்று நம்பிப் போனவரை நாம் ஏமாற்றக் கூடாது.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் குக்கிப் பகுதியைத் திறந்து, லாகினுக்கு முன் இருக்கும் மதிப்பைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லாகின் ஆனதும் மீண்டும் பார்த்து, அந்த மதிப்பையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லாகவுட் செய்த பிறகு, லாகினில் கிடைத்த மதிப்பைக் கையால் திரும்ப ஒட்டி ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள். முன்னதில் மதிப்பு மாறாமல் இருந்தாலோ, பின்னதில் கணக்கு திறந்தாலோ, தளத்தைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். திருத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்