மேகக் கணிமைப் பரீட்சையும் வணிகவியல் பட்டதாரியும்

கேள்வி: ஐயா, பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு, திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வருகிறேன். அமேசான் நிறுவனத்தாரின் 'கிளவுட் பிராக்டிஷனர்' பரீட்சையில் தேறினால் ஐ.டி. துறையில் நுழைந்துவிடலாம் என்கிறார்கள். எனக்குப் புரோகிராமிங் தெரியாது. ஆங்கிலம் வாசிக்கவும் நேரம் பிடிக்கும். 'டம்ப்ஸ்' வாங்கி மனப்பாடம் செய்தால் போதுமா?
— ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: புரோகிராமிங் அறியாதவர்களையும் உத்தேசித்தே ஏற்படுத்தப்பட்ட பரீட்சையாதலால் அந்தக் குறை தங்களுக்கு ஒரு தடையே அன்று. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தற்போதைய வடிவத்தில் 90 நிமிஷத்துக்கு 65 வினாக்கள். அவற்றுள் 15 வினாக்களுக்கு மதிப்பெண் இல்லையென்றாலும், அவை எவை என்பதை வெளியிடுவதில்லை. 1000க்கு 700 பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாதாகையால் ஒரு வினாவையும் வெறுமனே விட்டுவிடலாகாது.

டம்ப்ஸ் எனப்படும் வினாவிடைத் தொகுப்புகள் விஷயத்தில் என் அபிப்பிராயம் கண்டிப்பானது. பரீட்சை எழுதுமுன் தாங்கள் சம்மதிக்கும் நிபந்தனைகளுக்கே அது விரோதம் என்பது ஒருபுறமிருக்க, யாரோ எழுதிவைத்த விடை சரிதானா என்று சோதிக்கும் ஞானம் இல்லாதவருக்கு அத்தொகுப்பால் விளையும் பிரயோஜனம் யாது? அதற்குக் கொடுக்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நிறுவனத்தாரே 'ஸ்கில் பில்டர்' தளத்தில் இலவசமாக அளிக்கும் ஆரம்பப் பாடத்தை நிதானமாக இருமுறை படிப்பது உத்தமம்.

மதிப்பெண்ணில் 30 சதவீதம் பாதுகாப்புப் பகுதிக்கு உரியது. அதன் ஜீவநாடி, எது அமேசானின் பொறுப்பு, எது வாடிக்கையாளரின் பொறுப்பு என்ற பாகுபாடு. தங்கள் ஊர்ப் பக்கத்துக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை அறிந்த தங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை: அணைக்கட்டையும் கால்வாயையும் பராமரிப்பது சர்க்காரின் கடமை, தன் வயலின் மடையை அடைக்க மறந்து பயிர் அழுகினால் அதற்குச் சர்க்காரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த எல்லைக்கோடு சேவைக்குச் சேவை நகரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'இ.சி.2' என்ற வாடகைக் கணினியில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்து வருவது நம் வேலை, 'ஆர்.டி.எஸ்.' என்ற தரவுத்தளச் சேவையிலோ அதை அவர்களே செய்துவிடுகிறார்கள். 'எஸ்3' கிடங்கில் போட்ட கோப்பை எவரெவர் பார்க்கலாம் என்று நிர்ணயிப்பது எப்போதும் நம்மைச் சார்ந்தது. வினாக்கள் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் சஞ்சரிக்கின்றன.

கணினி மையங்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் 'அவைலபிலிட்டி சோன்' என்ற ஏற்பாட்டின் அவசியத்தை, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியை மூழ்கடித்ததைக் கண்டவர்கள் எளிதில் உணர்வார்கள். தஸ்தாவேஜின் இரண்டு நகல்களும் ஒரே தெருவில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஆகவேதான் 2016இல் தொடங்கிய மும்பை 'ரீஜன்' என்னும் வட்டாரத்தில் மூன்று சோன்கள், ஒரே விபத்து எல்லாவற்றையும் தாக்காதவாறு தள்ளித் தள்ளி அமைக்கப்பட்டிருக்கின்றன. மும்பைக்கே ஆபத்து வருமென்று அஞ்சுவோர், 2022இல் திறக்கப்பட்ட ஹைதராபாத் ரீஜனிலும் நகல் வைக்கலாம். ஆனால் அந்த ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

கட்டணம் பற்றிய பகுதி 12 சதவீதமே என்றாலும், மூலதனச் செலவையும் நடப்புச் செலவையும் பிரித்தறிந்த வணிகவியல் மாணவருக்கு, எஞ்சினீயரிங் படித்தவர் தடுமாறும் அவ்விடத்தில் சிரமம் இராது. உபயோகத்துக்கேற்பச் செலுத்துவது, ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ வாக்களித்துக் குறைந்த விலை பெறுவது, இரண்டு நிமிஷ முன்னறிவிப்பில் திரும்பப் பெற்றுக்கொள்ளப்படும் 'ஸ்பாட்' கணினியை மலிவாக எடுப்பது — இம்மூன்றும் எந்தெந்தக் காரியத்துக்குப் பொருந்தும் என்று தெரிந்தால் போதும். பயிற்சிக்காகச் சொந்தக் கணக்குத் தொடங்கினால், முதற்காரியமாகச் செலவு எச்சரிக்கை வைத்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சை தமிழில் இல்லை. எனினும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் விண்ணப்பித்தால் 30 நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். தேதி பதிவு செய்வதற்கு முன்பே இதைக் கேட்டுப் பெறவேண்டும். பதிவில் தரும் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருப்பதும் அவசியம். தகப்பனார் பெயரை ஓரிடத்தில் இனிஷியலாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் எழுதும் நம்மவர் வழக்கம் இங்கே வீண் தொல்லையை உண்டாக்கும். வீட்டிலிருந்தே எழுதவும் வசதி உண்டு. ஆனால் அறைக்குள் வேறொருவர் நுழைந்தாலே பரீட்சை ரத்தாகக்கூடுமாதலால், காபி வேண்டுமா என்று கதவைத் திறக்கும் பாட்டிமார் உள்ள குடும்பத்தவர்கள் பரீட்சை மையத்தை நாடுவதே க்ஷேமம்.

வரி நீங்கலாகக் கட்டணம் 100 டாலர். தவறினால் 14 நாள் கழித்து மறுபடியும் முழுக் கட்டணம் செலுத்தவேண்டும். தேறினால் சான்றிதழ் மூன்றாண்டு செல்லும், அடுத்த பரீட்சைக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு. இந்த ஒரு சான்றிதழை மட்டும் நம்பி ஜவுளிக்கடை வேலையை ராஜினாமாச் செய்துவிட வேண்டாம். கிடைக்கும் சலுகையை 150 டாலர் கட்டணமுள்ள 'சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்' பரீட்சைக்கு உபயோகித்துக்கொள்ளலாம். தொழில்நுட்ப வேலை தருவோர் பொருட்படுத்துவது பெரும்பாலும் அதையும், தாங்களே செய்துகாட்டக்கூடிய சிறு வேலைகளையும்தான்.