மின்னஞ்சலில் வரும் தூண்டில்

கல்வியிற் சிறந்தோரும் உலகியல் அறிந்தோரும் வஞ்சகர் கையில் எளிதில் அகப்படார் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்றை முதற்கண் ஆராய்ந்து, அதனின்று நாம் கொள்ளத்தக்க பாடத்தை இங்கு எடுத்துரைப்போம்.

2016-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தலைவர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் அம்மையார் போட்டியிட்டனர். அவர்தம் தேர்தற் பணிக்குத் தலைவராயிருந்தவர் ஜான் பொடெஸ்டா என்பார். மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு உக்ரைன் நாட்டிலிருந்து எவரோ உட்புக முயன்றனரென்றும், அதனை உடனே மாற்றவேண்டுமென்றும் கூகுள் நிறுவனத்தாரே எழுதியதுபோல அம்மடல் அமைந்திருந்தது. அதன்கண் ஓர் இணைப்பும் இருந்தது.

அதனைக் கண்ட உதவியாளர் கணினித் துறையினரை வினவினர். அவருள் ஒருவர், மடல் மெய்யானதே என்று மறுமொழி விடுத்தார். பொய்யானது என எழுதக் கருதியதே எழுத்துப் பிழையால் அவ்வாறாயிற்று என்று அவர் பின்னர்க் கூறினார். ஆயினும், கடவுச்சொல்லை மாற்றுதற்குரிய உண்மையான முகவரியையும் அவர் அம்மறுமொழியிற் குறித்திருந்தார். அந்தோ! அழுத்தப்பட்டது வஞ்ச மடலில் இருந்த இணைப்பே. 50,000-க்கு மேற்பட்ட மடல்கள் களவு போயின. அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள் முதல் அவை உலகறிய வெளியிடப்பட்டன.

இதனால் விளங்குவது யாது? மடல் மெய்யோ பொய்யோ எனத் தீர்ப்பிடுதலில் எவரும் தவறக்கூடும். ஆனால், தீர்ப்புத் தவறிய பின்னரும், குறித்த முகவரியைத் தம் கையாலேயே எழுதிச் சென்றிருப்பரேல் யாதொரு கேடும் விளைந்திராது. ஆதலின் மடல் காட்டும் வழியிற் செல்லாது, நாமறிந்த வழியிற் செல்லுதலே தலையாய காப்பாம்.

இனி, ‘ஃபிஷிங்’ எனப்படும் இவ்வஞ்சகத்தின் அடையாளங்கள் சிலவற்றை நோக்குவோம். முதலாவது, அச்சமும் அவசரமும். கணக்கு இன்றே மூடப்படும், உதவிச் சம்பளம் நின்றுவிடும் என்றாற்போல வரும் சொற்கள் நம்மைச் சிந்திக்கவொட்டாது தடுத்தற்கே எழுதப்படுகின்றன.

இரண்டாவது, முகவரி. தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டினை அடுத்து, முதற் சாய்கோடு வரையுள்ள பகுதியின் இறுதியை நோக்குக. தனித்தோ ஒரு புள்ளியை அடுத்தோ ‘கூகுள்.காம்’ என முடிவது அந்நிறுவனத்தாருடையது. ‘கூகுள்.காம்’ எனத் தொடங்கி வேறு பெயரில் முடிவது அவ்வேறு பெயருடையாரது. பெயர்ப்பலகையில் எப்பெயரும் எழுதலாம். பட்டா எவர் பேரில் உளதென்பதே கேள்வி.

மூன்றாவது, பூட்டுக் குறி. அது செய்தியை இடைவழியிற் பிறர் படியாவண்ணம் காக்குமேயன்றி, மறுமுனையில் இருப்பார் நேர்மைக்குச் சான்றாகாது.

கைபேசிக்கு வரும் குறியெண்ணும் முற்றுங் காப்பதன்று. போலிப் பக்கம் அதனையும் கேட்டு வாங்கி, அக்கணமே மெய்த்தளத்திற் செலுத்தவல்லது. எனினும் அஃது இல்லாமையினும் இருத்தல் நன்று. பாதுகாப்புச் சாவி என்னும் சிறு கருவியோ தளத்தின் முகவரியைத் தானே ஒத்துப் பார்த்தலின், போலித்தளத்திற்கு இணங்காது.

ஒருகால் ஏமாற்றப்பட்டால் செய்வது என்? உடனே கடவுச்சொல்லை மாற்றுக. பிற கருவிகளில் திறந்துள்ள கணக்கை மூடுக. மடல்கள் வேற்று முகவரிக்குத் தாமே செல்லுமாறு அமைக்கப்பட்டுளவோ எனப் பார்க்க. அதே சொல்லைப் பிற கணக்குகளிலும் வைத்திருப்பின் அங்கும் மாற்றுக. பணம் இழந்தார் 1930 என்னும் எண்ணிற்குத் தாமதமின்றி அறிவிக்க.

மாணாக்கர்காள், வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கு ஊதியமாகும்; நம் பெயராலேயே நம் தோழர்க்கும் அவன் தூண்டிலிடுவான். எனவே அகப்பட்டவரை நகையாது, அவர் அஞ்சாது வந்துரைக்கத்தக்க நண்பராக நாம் இருத்தல் வேண்டும்.