பழைய செயின் சா: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் "கவிதை போதும்டா, ஏகப்பட்டது வந்து கிடக்கு. பாடம் சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டுக்கொண்டார். அதனால் உங்களுக்கு ஒரு கவிதையின் தொல்லை குறைகிறது. பதிலுக்கு ஒரு மெஷினின் கதையைப் படித்தாக வேண்டும். இந்தக் கதை தொழில் மேலாண்மை பேப்பரில் வரும் தேய்மானம், மாற்றீடு ஆகிய இரண்டு தலைப்புகளோடும் சம்பந்தப்பட்டது. பரீட்சைக்கு ஃபார்முலாவை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்த நான், அதே கணக்கை என் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட வேண்டி வந்தது. அப்போதுதான் அந்த ஃபார்முலா எனக்கு உண்மையில் புரிந்தது.

என் தாய்மாமா இளையான்குடி பக்கம் விறகு வெட்டும் தொழில் செய்கிறார். சீமைக்கருவேலம்தான். குத்தகைக்கு எடுத்து, அறுத்து, செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் அனுப்புவார். கோடாலியும் இழுப்பு வாளுமாகத் தொடங்கியவர். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன அல்லவா? அங்கே மரம் அறுத்து அப்புறப்படுத்தப் போனவர், அந்தக் கூலியில்தான் 18,000 ரூபாய் கொடுத்து, நல்ல கம்பெனி செயின் சா ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். அன்றிலிருந்து அதுதான் அந்த வீட்டின் சோறு. என் செமஸ்டர் ஃபீஸும்கூட அதிலிருந்துதான் வருகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆகவே இந்தக் கட்டுரையாசிரியர் நடுநிலையானவர் அல்ல!

கடந்த லீவில் ஊருக்குப் போனபோது மெஷின் மக்கர் செய்துகொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகும். சூடானபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இழுவையும் இல்லை. டவுனில் கடைக்காரர் இரண்டு வழி சொல்லியிருந்தார். மலிவான புது 58 சிசி மெஷின் 8,500 ரூபாய். இல்லையென்றால் பெயர்பெற்ற கம்பெனியின் புது மெஷின் 42,000 ரூபாய். பழையதை 3,000-க்கு எடுத்துக்கொள்வாராம்.

"பதினெட்டாயிரம் போட்ட மெஷின மூவாயிரத்துக்குக் கேக்குறான் மாப்ளே! மனசு வருமா?" என்றார் மாமா.

"பொறுங்க மாமா, முதல்ல அதுக்கு என்ன வியாதின்னு பார்ப்போம்" என்றேன். டிப்ளமோ படிக்கிறவன் சொன்னால் கேட்பார் என்ற தைரியம்தான்.

நான் முதலில் எஞ்சினைத் தொடவில்லை, செயினைப் பார்த்தேன். செயின் சா விஷயத்தில் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். கூர் இருக்கும் செயின் செதில் செதிலாகத் தள்ளும். கூர் மழுங்கியது மாவு மாதிரித் தூள் தள்ளும். மெஷினை அழுத்திப் பிடித்தால்தான் இறங்கும், வெட்டும் ஒரு பக்கமாக வளைந்து போகும். ஓட்டுபவருக்கோ "எஞ்சினில் இழுவை இல்லை" என்று தோன்றும். சீமைக்கருவேலம் கெட்டியான மரம். போதாக்குறைக்குத் தூர் பக்கம் பட்டையில் மண் ஒட்டியிருக்கும். பற்கள் ஒரே நாளில் செத்துப்போகும்.

இந்தப் பல்லுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-லேயே மின்சார செயின் சாவும், 1929-ல் பெட்ரோல் செயின் சாவும் செய்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்துச் செயினின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே இருந்ததால் அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக அரித்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அதே மாதிரி வளைந்த வெட்டுப் பற்களை இடம் ஒன்று, வலம் ஒன்றாக அமைத்து 1947-ல் செயின் கம்பெனியே தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் செயின் அதன் வழிவந்ததுதான்.

அந்தப் பல்லைத் தீட்ட உருண்டை அரம் வேண்டும். அரத்தின் அளவு செயினின் பிட்ச்சைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் இடைவெளியை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச். மாமாவின் செயின் .325 அங்குலம், ஆகவே 4.8 மி.மீ. அரம். மாமா கையில் கிடைத்த அரத்தால் ராவியிருந்தார். அது மட்டுமல்ல, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லைத் தீட்டித் தீட்டி உயரம் குறையும்போது அந்த மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல்லைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். ஏழு வருஷத்தில் மாமா அந்த மேட்டைத் தொட்டதே இல்லை! செயினைச் சரிசெய்து ஓட்டியதும் இழுவைக் குறையில் பாதி காணாமல் போயிற்று. செலவு ஒரு அரம்.

மீதிப் பாதி எஞ்சினில்தான் இருந்தது. நாம் இரண்டாம் ஆண்டில் படித்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அப்படியே இதுதான். கல்லூரியில் லேப் அண்ணனிடம் கெஞ்சி கம்ப்ரஷன் கேஜ் வாங்கிப் போயிருந்தேன். சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, திராட்டிலை முழுதும் அழுத்திக்கொண்டு ஆறு முறை கயிறு இழுத்தேன். 70 பி.எஸ்.ஐ. காட்டியது. எனக்கே பகீர் என்றது. பிறகுதான் யோசித்தேன்: அது பைக்குக்கான கேஜ், நீள ஹோஸ், வால்வு கேஜ் பக்கம் இருக்கிறது. இந்தச் சின்ன சிலிண்டருக்கு அந்த ஹோஸின் காலி இடமே ஒரு எரியறை மாதிரி. ஆகவே அளவு குறைவாகத்தான் காட்டும். பிளக் முனையிலேயே வால்வு உள்ள கேஜை மெக்கானிக் அண்ணனிடம் வாங்கிப் போட்டதில் 95 வந்தது. இந்த அளவு எஞ்சினுக்கு 140, 150 இருந்தால் நல்ல ஆரோக்கியம். 100-க்குக் கீழே என்றால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இயற்கை. பிளக் துளையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டு மறுபடி இழுத்தேன், 125 ஆனது. அப்படியென்றால் கசிவு ரிங் பக்கம்.

சைலன்ஸரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் துளை வழியாகப் பிஸ்டனைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்புரேட்டரைக் கழற்றினால் மறுபக்கம் தெரியும். எக்ஸாஸ்ட் பக்கம் நெடுக்காகக் கீறல் இருந்தால் ஆயில் போதாமலோ, காற்று அதிகமாகிக் கலவை மெலிந்தோ, பிஸ்டன் சூட்டில் பிடித்திருக்கிறது என்று பொருள். இன்டேக் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. மாமாவின் பிஸ்டன் இரண்டாவது ரகம். ஏர் ஃபில்டரைப் பார்த்தால் ஓரத்தில் விரல் நுழையும் கிழிசல்!

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் ஆர்.எக்ஸ். 100 மாதிரி வார்ப்பிரும்பு லைனர் என்றால் ரீபோர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிவிடலாம். நல்ல செயின் சாவின் சிலிண்டரோ அலுமினியம், உள்ளே நிக்கல் சார்ந்த மெல்லிய பூச்சு. அதை ரீபோர் செய்ய முடியாது. பூச்சு உரிந்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். மாமாவின் சிலிண்டர் விரல் வைத்துப் பார்த்ததில் வழவழவென்று இருந்தது. அடுத்து ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. இருந்திருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். "வித்துடுங்க மாமா" என்று அங்கேயே எழுந்திருப்பேன்.

கார்புரேட்டர் டயாஃப்ரம் அட்டை மாதிரி விறைத்திருந்தது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பது கூடிக்கொண்டே வந்து 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது உங்களுக்குத் தெரியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பருக்கு ஆகாது. வாரக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை நிறுத்தி வைப்பது பழைய மெஷினுக்குச் செய்யும் துரோகம். ஆயில் கலப்பதும் மாமாவுக்குக் கண் மதிப்பு! 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. இருமல் மருந்து மூடி ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிக் கணக்கு. மெக்கானிக் அண்ணன் கொடுத்த எஸ்டிமேட்: பிஸ்டன், ரிங் 1,900, சீல், கேஸ்கட் 500, கார்புரேட்டர் கிட் 300, ஹோஸ், பெட்ரோல் ஃபில்டர் 200, ஏர் ஃபில்டர் 350, பிரேக் பேண்ட், ஸ்பிரிங் 550, கூலி 900. மொத்தம் 4,700 ரூபாய். செயின், பார் ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவில்லை. எந்த மெஷின் வாங்கினாலும் அவை தேயத்தான் போகின்றன. இரண்டு பக்கமும் வரும் செலவு முடிவை மாற்றாது.

அதே மாதிரி அந்த 18,000 ரூபாயையும் சேர்க்கவில்லை. மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்காசு மாப்ளே அது!" என்றார். ஆனால் போன காசு போனதுதான். வைத்துக்கொண்டாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. கணக்கில் வர வேண்டியது இன்றைக்குக் கடைக்காரர் கொடுக்கும் 3,000 மட்டுமே. மெஷினை வைத்துக்கொண்டால் அந்த மூவாயிரத்தை நாம் இழக்கிறோம், ஆகவே அதுவும் செலவு.

பழுதுபார்த்தால் இரண்டு வருஷம் ஓடும், அதன்பின் 2,000-க்குப் போகும் என்று வைத்தோம். 3,000-ஐயும் 4,700-ஐயும் கூட்டி, 2,000-ஐக் கழித்தால் 5,700. வருஷத்துக்கு 2,850. சில்லறை ரிப்பேர் வருஷத்துக்கு 1,500. ஆக 4,350 ரூபாய். மலிவு மெஷின் எத்தனை நாள் வரும் என்று அந்தப் பக்கம் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தோம். தினசரி ஓட்டினால் இரண்டு வருஷம் என்றார்கள். 8,500-ல் கடைசி விலை 1,000 போக 7,500, வருஷத்துக்கு 3,750, ரிப்பேர் 2,000, ஆக 5,750. கம்பெனி மெஷின் எட்டு வருஷம், கடைசி விலை 6,000 என்றால் வருஷத்துக்கு 4,500, ரிப்பேர் 1,000, ஆக 5,500. கையில் காசு இருந்தால் இதை யோசிக்கலாம். மாமாவுக்கோ இரண்டு வட்டிக்கு வாங்க வேண்டும். 42,000-க்கு மாதம் 840, வருஷத்துக்கு 10,080. மெஷினின் தேய்மானத்தைவிட வட்டியின் தேய்மானம் இரண்டு மடங்குக்கும் மேல்!

ஃபார்முலா இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அத்தை ஒரு கேள்வி கேட்டார்கள். "மூணு மாசத்துல ஆறு நாள் மெஷின் நின்னுச்சே, அன்னைக்கு வந்த ஆளுங்களுக்கு ஐந்நூறு, ஆயிரம்னு குடுத்தோமே, அது எந்தக் கணக்குல?" நான் வாயடைத்துப் போனேன். அரைக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,500 ரூபாய், ஆறு நாளைக்கு 9,000! நான் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வித்தியாசத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அது மெஷின் நிற்கும் ஒரே ஒரு நாளின் நஷ்டம். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான் இருக்கிறது. நான் அதைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

ஆகவே கேள்வி மாறிப்போயிற்று. எது மலிவு என்பதைவிட, எது வேலை நாளில் நிற்காது என்று பார்த்தோம். அந்த ஆறு நாளும் எதனால் நின்றது என்று மாமாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்கு நாள் சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது, ஒரு நாள் ஹோஸ் வெடித்தது, ஒரு நாள் செயின் அறுந்தது. முதல் ஐந்துக்கும் எஸ்டிமேட்டிலேயே மருந்து இருந்தது. பழுதுபார்ப்பதென்று முடிவானது.

மெக்கானிக் அண்ணன் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. பிரேக் பேண்ட் உட்காரும் கிளட்ச் கவரே விரிசல் விட்டிருந்தது. புதுக் கவர் 1,400 ரூபாய். மாமா மறுத்துவிட்டார்.

"பிரேக் இல்லாமத்தான் ரெண்டு வருசமா ஓட்டுறேன். என்ன ஆயிப்போச்சு?"

நண்பர்களே, பாரின் நுனியில் மேல்பாதி மரத்தில் பட்டால், செயின் கடித்த வேகத்தில் பார் முழுவதும் ஓட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். கை சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கைக்கு முன்னால் இருக்கும் அந்தத் தடுப்பு மணிக்கட்டில் பட்டோ, எகிறும் வேகத்திலோ முன்னால் சாய்ந்து, செயினைச் சட்டென்று நிறுத்த வேண்டும். சீமைக்கருவேலம் புதர் மாதிரி கிளைவிடுவதால் நுனி எதில் படுகிறது என்றே தெரியாது. கணக்கில் இதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவின் இடது தோள்பட்டையில் ஒரு தழும்பு உண்டு. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசாமல், 1,400-ஐச் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டுக் காட்டினேன். 4,350 என்பது 5,050 ஆனது. இப்போதும் மற்ற இரண்டையும்விடக் குறைவுதான்.

மாமா தாளைப் பார்க்கவில்லை. அத்தை அரிசிப் பானையிலிருந்து என் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் ஆயிரத்து நானூறை எண்ணி மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "இவன் ஃபீஸ் அடுத்த மாசம் கட்டுவான். அபராதம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வாடா" என்றார்கள்.

கவர் வர ஒன்பது நாள் ஆயிற்று. மாட்டிய பிறகு கம்ப்ரஷன் 145. சூட்டில் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து இழுத்தால் இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட். பிரேக்கை முன்னால் தள்ளியதும் செயின் நின்றது. மாமா அதை மூன்று முறை தள்ளித் தள்ளிப் பார்த்தார். அபராதம் 50 ரூபாய், கட்டிவிட்டேன்.