துணிப்பையும் தருமமும்: சின்னம் பொறித்த பொருள்களால் அறநிதி திரட்டுதல்



கோலார் தங்கவயலில் சங்கங்களுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் சங்கம், ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் நலச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, தேவாலய இளைஞர் குழு, நூலகக் குழு எனப் பல அமைப்புகள் எம் வங்கியில் கணக்கு வைத்துள்ளன. அண்மைக்காலமாக அவற்றின் பொறுப்பாளர்கள் எம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "எங்கள் சங்கத்தின் பெயரும் படமும் அச்சிட்ட துணிப்பை, கோப்பை, சட்டை, நாட்காட்டி ஆகியவற்றை விற்று நற்பணிக்குப் பணம் திரட்டலாமா?" என்பதே அக்கேள்வி.

திரட்டலாம். ஆனால் கணக்கறிந்து செய்தல் வேண்டும். நற்பணிக்கு நிதி சேர்க்கப் புறப்பட்ட ஒரு குழு, அச்சகத்திற்குத் தர வேண்டிய பாக்கிக்காக உறுப்பினர்களிடமே கைமாற்று வாங்கியதை நாம் கண்டிருக்கிறோம். விற்காத சட்டைகள் பெட்டி பெட்டியாக ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தன. எவரும் தவறான எண்ணத்துடன் செயற்பட்டவர் அல்லர்; கணக்கைத்தான் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவில்லை. அந்நிலை பிறருக்கு நேராதிருக்கவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. முன்னோடிகள் கற்பிப்பவை

பொருளைக் கொடுத்து அறநிதி பெறும் முறை புதியதன்று. டென்மார்க் நாட்டில் ஐனார் ஹோல்போல் என்னும் அஞ்சல் அலுவலர் 1904-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வில்லையை அறிமுகப்படுத்தினார். கடித உறைகளில் அஞ்சல் தலையுடன் சேர்த்து ஒட்டும் இச்சிறு வில்லையின் வருவாய், காசநோயால் துன்புற்ற குழந்தைகளுக்குச் சென்றது. 1907-இல் அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் எமிலி பிஸ்ஸல் என்பவர் ஒரு சிறு காசநோய் மருத்துவமனையைக் காக்க 300 டாலர் வேண்டி இம்முறையைக் கையாண்டார். திரண்ட தொகை ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. நம் நாட்டிலும் இந்தியக் காசநோய்ச் சங்கத்தின் வில்லை இயக்கம் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கியது.

இரண்டாவது சான்று கொடிநாள். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று முப்படை வீரர் நலனுக்காகச் சிறு கொடிகள் வழங்கப்படுகின்றன. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்கள் மூன்று படைகளைக் குறிக்கும். பள்ளி நாளில் அக்கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கொடியின் அடக்க விலை மிகச் சொற்பம். கொடுப்பவர் தம்மால் இயன்றதைக் கொடுக்கிறார். ஆகவே உண்டியலில் விழும் தொகையில் பெரும்பகுதி நற்பணிக்கே எஞ்சுகிறது.

மூன்றாவது சான்று வாழ்த்து அட்டை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யுனிசெஃப் அமைப்பின் உதவி பெற்ற செக்கோஸ்லோவாக்கியச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஜிட்கா சாம்கோவா, நன்றி தெரிவிக்கும் முகமாக ஓர் ஓவியம் வரைந்தாள். 1949-இல் அதுவே யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டை ஆயிற்று. நம் நாட்டில், விமானப் பணியாளராக இருந்த ரிப்பன் கபூர், 1979-இல் ஆறு நண்பர்களுடனும் 50 ரூபாயுடனும் 'கிரை' என்னும் குழந்தைகள் நல அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பின் வாழ்த்து அட்டைகள் அடுத்த பல ஆண்டுகள் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் விரும்பி வாங்கப்பட்டன. புத்தாண்டிற்கு எப்படியும் அட்டை வாங்க வேண்டியவர், அதையே நற்பணிக்குப் பயன்படும் வகையில் வாங்கினார். வெற்றியின் காரணம் இதுவே. கைபேசியில் வாழ்த்து அனுப்பும் பழக்கம் பரவியபின் அட்டையின் தேவையே குறைந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

நான்காவது, எச்சரிக்கைச் சான்று. புற்றுநோயாளர் நலனுக்காக 2004-இல் அமெரிக்காவில் ஒரு டாலர் விலையில் வெளிவந்த மஞ்சள் நிற ரப்பர் கைப்பட்டை கோடிக்கணக்கில் விற்றது. அதன் முகமாக விளங்கிய மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஊக்கமருந்துக் குற்றத்திற்காக 2012-இல் தடை செய்யப்பட்டபின் அப்பட்டையின் மதிப்பும் மங்கியது. பொருளின் மீது நாம் பொறிக்கும் பெயர் மதிப்பிழந்தால் பொருளும் மதிப்பிழக்கும்.

இந்நான்கிலிருந்தும் பெறப்படுவன: பொருள் மலிவாகவேனும் பயனுள்ளதாகவேனும் இருத்தல் வேண்டும், காலத்திற்கு ஏற்றதாதல் வேண்டும், அதில் பொறித்த பெயர் நம்பிக்கைக்கு உரியதாதல் வேண்டும்.

2. நம் ஊருக்கு ஏற்ற பொருள் எது?

தங்கவயலுக்குச் சொல்வதற்கென ஒரு வரலாறு உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றது. 1902-இல் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்தில் புறப்படும் இரயிலில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

இவ்வரலாறே பொருளைத் தேர்ந்தெடுக்கவும் வழிகாட்டும். அதிகாலை இரயிலில் சோற்றுப் பாத்திரமும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துச் செல்பவருக்கு உறுதியான துணிப்பை பயன்படும். ஆண்டு முழுதும் பலர் கண்ணிலும் படும். சுவரில் மாட்டும் நாட்காட்டியும் அத்தகையதே. அலமாரியில் வைத்து மறக்கும் கேடயமும் பதக்கமும் நமக்கு வேண்டா. சட்டையெனில் அளவுகள் பல. எந்த அளவு எத்தனை விற்கும் என்று கணிப்பது கடினம். முதன்முறை முயல்வோர் ஒரே அளவுள்ள பொருளைத் தேர்வதே நன்று.

படத்திலும் கவனம் தேவை. கே.ஜி.எஃப். என்னும் பெயரில் 2018-இலும் 2022-இலும் வெளிவந்த திரைப்படங்களால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. அப்படங்களின் எழுத்துருவையோ நடிகரின் உருவத்தையோ பையில் அச்சிடுதல் பிறர் உரிமையில் தலையிடுவதாகும். பிற நிறுவனங்களின் இலச்சினைகளுக்கும் இது பொருந்தும். சுரங்க வாயிலின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரம், விளக்குப் பொருத்திய தலைக்கவசம், வரிசை வீடுகள் ஆகியவற்றை நம் பள்ளிப் பிள்ளைகளே வரையட்டும். வரைந்த பிள்ளையின் பெற்றோரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றுக்கொள்க.

3. கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு சங்கம் 300 துணிப்பைகள் செய்ய எண்ணுகிறது எனக் கொள்வோம். தொகைகள் விளக்கத்திற்கு மட்டுமே.

வடிவமைப்பும் அச்சுச் சட்டமும்: ரூ. 3,000
வண்டி வாடகை: ரூ. 1,500
பையும் அச்சும், ஒன்றுக்கு ரூ. 90 வீதம்: ரூ. 27,000
உறையிடுதல், ஒன்றுக்கு ரூ. 5 வீதம்: ரூ. 1,500
மொத்தச் செலவு: ரூ. 33,000

விற்பனை விலை ரூ. 200 எனில், 300 பைகளும் விற்றால் வரவு ரூ. 60,000, மிச்சம் ரூ. 27,000. கேட்பதற்கு இனிமையாக உள்ளது. ஆனால் பாதியே, அதாவது 150 பைகளே விற்றால் வரவு ரூ. 30,000, சங்கத்திற்கு ரூ. 3,000 நட்டம். 33,000-ஐ 200-ஆல் வகுத்தால் 165 கிடைக்கும். 165-ஆவது பை விற்கும்வரை நற்பணிக்கு ஒரு ரூபாயும் சேர்ந்ததாகாது. இவ்வெண்ணை வணிகவியலில் சமநிலைப் புள்ளி என்பர். பொறுப்பாளர் ஒவ்வொருவரும் இதனை மனனம் செய்தல் நலம்.

இனி, அதே சங்கம் முதலில் மாதிரிப் பை ஒன்றை மட்டும் செய்து காட்டி, முன்பணத்துடன் 180 பைகளுக்கு உறுதி பெற்று, 200 பைகள் மட்டும் அச்சிடுகிறது எனக் கொள்வோம். ஒரு பையின் அடக்கம் மாறாதிருப்பின், செலவு ரூ. 4,500-உம் ரூ. 19,000-உம் சேர்ந்து ரூ. 23,500. முன்பணம் தந்தோர் வாயிலாக மட்டும் வரவு ரூ. 36,000. எஞ்சிய 20 பைகள் விற்காமற்போயினும் மிச்சம் ரூ. 12,500. முதற்கணக்கின் 27,000 ரூபாய் நம் எதிர்பார்ப்பு மட்டுமே. இந்த 12,500 ரூபாய் கையில் உள்ள பணம். தூசியால் நுரையீரல் பழுதுபட்ட ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு மருந்து வாங்க எதிர்பார்ப்பு உதவாது.

மேலும் ஓர் உண்மை. 200 ரூபாயை ஒருவர் உண்டியலில் இட்டால் 200 ரூபாயும் நற்பணிக்கு. பை வாங்கினால் அதில் பாதிக்கும் குறைவே சேரும். ஆகவே, கேட்டாலே கொடுக்கும் அன்பரிடம் பையை நீட்டுதல் வேண்டா. நம் சங்கத்தை அறியாதவரை அறியச் செய்யவும், வெறுங்கையாகக் கேட்கத் தயங்கும் இளம் உறுப்பினருக்குத் துணையாகவுமே பொருள் பயன்படுதல் வேண்டும்.

4. வங்கியும் சட்டமும்

அ. விற்பனைத் தொகை எக்காரணங்கொண்டும் தனியொருவர் கணக்கில் விழலாகாது. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இன்கீழ்ப் பதிவு பெற்று, சங்கத்தின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண் பெற்று, செயற்குழுத் தீர்மானத்துடன் வங்கிக் கணக்குத் தொடங்குக. பணம் எடுக்க இருவர் கையொப்பம் கட்டாயம் என்று எழுதித் தருக.

ஆ. விற்பனை மேசையில் வைக்கும் கியூ.ஆர். அட்டையும் சங்கத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். பணம் செலுத்துவோர் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்க்குமாறு நீங்களே சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, கேட்பவர் ஏமாற்றுக்காரர். அன்றன்றைய விற்பனையை, எண்ணிட்ட இரசீதுகளுடன் அன்று மாலையே ஒப்பிடுக. ரொக்கத்தை அடுத்த வேலை நாளில் வங்கியில் செலுத்துக.

இ. பையின் விலை நன்கொடை ஆகாது. வருமான வரிச் சட்டப்படி நன்கொடை வரிச்சலுகைக்கு ஒப்புதல் பெற்ற அமைப்பாயினும், பொருளுக்குப் பெற்ற தொகைக்கு நன்கொடை இரசீது தரலாகாது. ஒருவர் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் அதனைத் தனியே பெற்றுத் தனி இரசீது வழங்குக. ரூ. 2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அச்சட்டப்படி வரிச்சலுகை இல்லை.

ஈ. நற்பணிக்காக விற்பதால் மட்டும் சரக்கு சேவை வரி நீங்கிவிடாது. மாநிலத்திற்குள் பொருள் மட்டுமே விற்போருக்கு ஆண்டுக்கு ரூ. 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது பொதுவிதி. ஆனால் நம் ஊரின் ஒரு பக்கம் ஆந்திரம், மறுபக்கம் தமிழ்நாடு. வரிக்குரிய பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால், தொகை சிறிதாயினும் பொதுவாகப் பதிவு வேண்டும். குப்பத்திற்கோ வேலூருக்கோ பார்சல் அனுப்புமுன் தணிக்கையாளரைக் கலந்துகொள்க.

உ. தங்கவயலின் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் உள்ளனர். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் தொகை, வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடையே. 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும், அதற்கென விதிக்கப்பட்ட தனிக் கணக்கும் இன்றி அதனைப் பெறலாகாது. உறவினர்தாமே என்று எண்ணிப் பெற்றுவிட்டுப் பின்னர் வருந்துதல் வேண்டா.

5. விற்பனைக்குப் பின்

எத்தனை விற்றது, எவ்வளவு செலவாயிற்று, மிச்சம் எவ்வளவு, அது யாருக்கு எவ்வகையில் சென்றது என்னும் நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதிச் சங்க வாயிலில் ஒட்டுக. உதவி பெற்றவரின் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர். ஒரே லைனில் வாழ்பவர்கள், அவர்தம் மானம் காக்கப்படல் வேண்டும். "மூவருக்கு மருந்துச் செலவு, இருவருக்குத் தேர்வுக் கட்டணம்" என எழுதினாலே போதும். இந்நான்கு வரிகளைப் படித்தவர் அடுத்த ஆண்டு கேளாமலே பை வாங்குவர்.

பயிற்சி

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பின்வருவனவற்றிற்கு விடை எழுதுக.

1. நாம் தேர்ந்த பொருளை வாங்குபவர் வாரத்தில் எத்தனை நாள் பயன்படுத்துவார்?
2. நம் சமநிலைப் புள்ளி எத்தனை?
3. அச்சிடுமுன் எத்தனை பேர் முன்பணம் தந்துள்ளனர்?
4. தொகை எக்கணக்கில் விழும்? கையொப்பமிடும் இருவர் யாவர்?
5. மிச்சம் யாருக்கு, எந்நாளுக்குள்?

ஐந்திற்கும் விடை கிடைத்தபின் அச்சகத்திற்குச் செல்லுங்கள். ஒன்றிற்கேனும் விடையில்லையெனில் முதலில் எம் கிளைக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.