சாயங்காலக் காற்றில் வீடு பார்க்காதீர்கள்

திருவொற்றியூரில் குடும்பத்தோடு குடியேற வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். புரோக்கரோடு ஒருமுறை போய் வீட்டைப் பாருங்கள், பிறகு விடியற்காலையில் தனியாக ஒருமுறை போங்கள். புரோக்கர் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கூட்டிப்போவார். அந்நேரம் கடற்காற்று வீசும். மொட்டை மாடியில் நின்றால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடத் தோன்றும். ராத்திரியில் காற்று திரும்பும். மேற்கே மணலி, அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். உங்கள் தெருவுக்கு கேஸ் வாடை வருமா என்பது ஐந்து மணி இருட்டில்தான் தெரியும். வீசிங் உள்ள குழந்தை இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் கைக்குழந்தைகளோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. ரேஷன் கார்டு, ஆதார், மருந்து, நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளப் பருத்தித் துண்டு எல்லாம் அதில் உண்டு. வருகிற சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பள்ளிக்கூடம் எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டாமல் போகிற பக்கமாக இருக்கட்டும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசையில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து டூவீலர் ஓட்டுவது வேண்டாத வீரம். ஆபீஸ் நகரத்துக்குள் என்றால் மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. அதற்கு முன் அண்ணா சாலைக்குப் போய்வருவதே பாதி வேலை நேரம். மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் வேலை என்றால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான் சரி. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால் வாடகை ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை.

கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று மெரினாவை நினைத்துக்கொண்டு வராதீர்கள். தெற்கே துறைமுகச் சுவர் மணலைத் தடுத்துவிட, வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. இப்போது கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். காற்று வாங்கலாம், குழந்தையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

மீன் வாங்கக் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கூட்டத்தையும் விலையையும் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். வார நாளில் விடியலில் போங்கள். கூறு கட்டி வைத்திருக்கும் சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். சுத்தம் செய்து கொடுக்கும் அக்காமார் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குத் தனிக் கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான்.

விளையாட்டு விஷயத்தில் இந்த ஊர் பெரிய பணக்கார ஊர். பார்க் எங்கே என்று தேடாதீர்கள், கேரம் கிளப் எங்கே என்று விசாரியுங்கள். ஒரு சின்ன அறை, நாலு போர்டு, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் தாழத் தொங்கும் ஒரு பல்பு, போரிக் பவுடர் வாசனை. ஷிப்ட் முடிந்து வரும் அண்ணன்கள்தான் சொல்லிக்கொடுப்பவர்கள். அதனால் ராத்திரி ஏழுக்கு மேல்தான் களைகட்டும். பெரும்பாலும் ஃபீஸ் பெயருக்குத்தான். என் மகள் முதல் வாரம் முழுக்கக் கேட்டது ஒரே வாக்கியம்: "நாற்காலிய நகத்தாத பாப்பா, காய் எங்க இருந்தாலும் நீ அங்கயே இரு." விதியே அப்படித்தான். குதித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

"பொண்ணுக்கு எதுக்கு கேரம்?" என்று என் அம்மா கேட்டார். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, இதே வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடி இளவழகியும் உலக சாம்பியன்தான். அம்மா இப்போது தானே கொண்டுபோய் விடுகிறார்.

எடுத்தவுடன் போர்டு வாங்காதீர்கள். நல்ல போர்டு விலை அதிகம், வீட்டில் பவுடர் தூசியும் ஆகாது. முதலில் ஒரு ஸ்ட்ரைக்கர் மட்டும் போதும். 15 கிராமுக்கு மேல் போனால் போட்டியில் விடமாட்டார்கள். கடையில் நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம், கிளப் அண்ணனிடம் கேட்டு, பிள்ளையின் விரலில் சுண்டிப் பார்த்து வாங்குங்கள்.