மாரியில் தொட்டுப் பார்க்க வேண்டிய சுவர்

நெடுந்தீவில் நான் எடுத்த முதல் வேலை ஒரு வாசிகசாலையின் உட்சுவர். இருபது அடி நீளம், எட்டடி உயரம். பெருக்குமரம், மட்டக்குதிரைகள், இடிந்த கோட்டை மூன்றும் ஒரே படமாக வரவேண்டும் என்று கேட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துக் கடைகளுக்குச் செய்வதைப்போலவே ஸ்டிக்கரில் அச்சடித்துப் பங்குனி மாதத்தில் ஒட்டினேன். சுவர் அன்றைக்கு எலும்பாகக் காய்ந்திருந்தது. கார்த்திகை மழை தொடங்கி இரண்டு கிழமைக்குள் படத்தின் கீழ்ப்பாதி கொப்பளித்து எழும்பியது. மார்கழியில் ஒரு பெரிய துண்டு தானாகவே கழன்று விழுந்தது. அதைத் திருப்பிப் பார்த்தபோது சுவரின் சுண்ணாம்புப் பூச்சும் ஒரு தகடாக அதோடு வந்திருந்தது. படம் போனதைவிட அந்தப் பூச்சு போனதே என்னை வருத்தியது.

பக்கத்து வளவிலிருந்து ஒரு வயதான மேசன் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். “தம்பி, மாரிக்கு உந்தச் சுவர் மூச்சு விடும். நீங்கள் அதின்ரை வாயைப் பொத்திப்போட்டியள்” என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அது. அதற்குப் பிறகு தீவுகளில் எந்த வேலைக்கும் கடை மேசையில் இருந்துகொண்டு நான் பொருள் தெரிவு செய்வதில்லை.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். நெடுந்தீவின் பழைய கட்டடங்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் படை எதுவும் அவற்றில் இல்லை. மாரியில் நிலத்து ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறும். சுவரின் முகத்துக்கு வந்து நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். வெள்ளையடித்த சுவரில் நாங்கள் காணும் உப்புப் பூத்தல் அதுதான். பிளாஸ்ரிக் ஸ்டிக்கரை ஒட்டினால் ஆவி வெளியே போக வழியில்லை. ஸ்டிக்கருக்குப் பின்னால் உப்பு பளிங்காக வளர்ந்து பூச்சை உடைத்துத் தள்ளும். எவ்வளவு விலையான ஸ்டிக்கராக இருந்தாலும், எவ்வளவு வலுவான பசையாக இருந்தாலும் இதுதான் நடக்கும். சொல்லப்போனால், பசை வலுவாக இருந்தால் சுவருக்குத்தான் சேதம் கூட.

ஆகவே சுவரை மூன்று விதமாகச் சோதிக்கிறேன். கறுப்புத் துணியால் அழுத்தித் துடைப்பது முதலாவது. துணியில் வெள்ளைத் தூள் பிடித்தால் அந்தச் சுவரில் எதுவும் ஒட்டாது. இரண்டாவது, அகலமான ரேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுப்பது. பெயின்ற் கையோடு வந்தால் படமும் ஒருநாள் அப்படியே வரும். மூன்றாவதுதான் முக்கியம். இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் அடைத்து இரண்டு நாள் சுவரில் விட்டுவிடுவது. உள்ளே நீர்த்துளி கட்டினால், அல்லது சுவர் நிறம் கறுத்தால், ஒட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இந்தச் சோதனையை மாரியில் செய்ய வேண்டும். பங்குனியில் எந்தச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும்.

அந்த வாசிகசாலைக்கு மறு வருடம் என் செலவில் திரும்பப் போனேன். இந்த முறை சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. அலுமினியக் குழாயில் நிலத்தில் நிற்கும் சட்டம் அடித்து, சுவருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக வழி வைத்தேன். மரச்சட்டம் மலிவுதான், ஆனால் கறையானுக்கு யார் பொறுப்பு? சட்டத்தின்மேல் மூன்று மில்லிமீற்றர் அலுமினியக் கூட்டுத் தகடு. படத்தைத் தகட்டில் ஒட்டினேன். இரும்புத் திருகாணி இந்தக் கடற்காற்றில் ஒரு மாரிக்குள் கறள் கட்டிப் படத்தின்மேல் வழியும். 316 தரத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிதான் தாங்கும். கடையில் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தகட்டை முழு எட்டுக்கு நாலாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுபோனது நான் செய்த இன்னொரு தவறு. பாரம் பெரிதில்லை, காற்றுத்தான் கேடு. ஒரு மணித்தியாலப் படகுப் பயணத்தில் அந்தத் தகட்டை இரண்டு பேர் பாய்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தோம். இப்போது நாலுக்கு நாலாக நகரத்திலேயே வெட்டி, விளிம்பு தேய்த்து, இலக்கமிட்டுத்தான் ஏற்றுகிறேன். சோளகம் எழும்பும் வைகாசிக்கு முன்பே வேலையை முடித்துவிடுவேன்.

எல்லாச் சுவருக்கும் சட்டம் தேவை என்று சொல்லவில்லை. ஊர்காவற்றுறையில் சீமெந்துக் கல்லில் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில் நேரடியாகத்தான் ஒட்டினேன். அங்கே சிக்கல் அவசரம். கனடாவிலிருந்து உறவுகள் வரும் திகதிக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். புதுச் சீமெந்துப் பூச்சுக்கு 28 நாள், அதன்மேல் பெயின்ற் அடித்து இன்னும் மூன்று நாலு கிழமை. அதற்குக் குறைந்து ஒட்டினால் பெயின்றிலிருந்து வரும் ஆவி குமிழியாகும். பொறுக்க வைத்தேன். அந்தச் சுவரில் இன்றுவரை ஒரு விளிம்பும் எழும்பவில்லை.

அங்கே பாவித்தது பொலிமெரிக் வகை ஸ்டிக்கர். கடைகளில் மலிவாகக் கிடைப்பது மொனோமெரிக். உருளைகளுக்கு இடையில் இழுத்துச் செய்த தாள் அது. சீற் கூரைக்குக் கீழே வெக்கை ஏறும் அறைகளில் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், பொருத்து வாய் திறந்து சுவர் தெரியும். காஸ்ட் வகை சுருங்காது, ஆனால் விலை கூட, சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். தட்டையான உட்சுவருக்குப் பொலிமெரிக் போதும். எதுவானாலும் துண்டுக்குத் துண்டு அரை அங்குலம் மேலேறி ஒட்டுங்கள். சொல்வென்ற் மையில் அச்சடித்தால் லமினேற் செய்ய முன் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், தளர்வாகச் சுற்றி ஆற விட வேண்டும். உடனே மூடினால் கரைப்பான் உள்ளே அடைபட்டுப் பசையைக் கெடுக்கும், பூட்டிய அறையில் மணமும் போகாது. லமினேற் மற் ஆக இருக்கட்டும். இரண்டு பக்கமும் யன்னல் உள்ள அறையில் பளபளப்பு வகையைப் போட்டால் படத்தில் யன்னல்தான் தெரியும்.

ஒட்ட முன் சுவரைத் துடைக்கும் தண்ணீரையும் யோசியுங்கள். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் துடைத்தால் கடற்காற்று படிய வைத்த உப்பின்மேல் இன்னும் உப்புப் பூசுகிறோம். நான் நல்ல தண்ணீரைப் போத்தல்களில் கொண்டுபோகிறேன்.

நயினாதீவில் அடியார்கள் தங்கும் ஒரு மடத்துக்குத் தகடு வேண்டாம் என்று நானே சொன்னேன். நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் தீவு நிறையச் சனம். மடத்துக்குள் விளக்கும் கற்பூரமும் எரியும். இந்தத் தகடுகள் பலவற்றில் இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவில் இருப்பது எரியக்கூடிய பொலிஎதிலீன். 2017 ஆம் ஆண்டு லண்டனில் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ அவ்வளவு விரைவாகப் பரவ வெளிச்சுவரில் இருந்த இவ்வகைத் தகடே முதன்மைக் காரணமானது. 72 உயிர்கள் போயின. வாசிகசாலையில் விளக்கு எரிவதில்லை, மடத்தில் எரிகிறது. அங்கே தீத்தடுப்புப் பதப்படுத்திய துணியில் அச்சடித்து, விளக்கிலிருந்து தள்ளி, அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். துணியைச் சேலைபோல மடித்துப் பையில் போட்டுப் படகில் ஏறலாம். பதப்படுத்தல் துவைப்பைத் தாங்கும் வகையானால், அழுக்கானபோது கழற்றித் துவைக்கலாம். தீவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் இன்னும் காணவில்லை. மலிவென்று பலரும் கேட்கும் பிளெக்ஸ் மூன்று நாள் விழாவுக்குச் சரி. மனிதர் தங்கும் அறைக்கு வேண்டாம்.

படம் பற்றி ஒரு சொல். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தின் அகலம் பெரும்பாலும் 4,000 புள்ளி. அதை இருபது அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்குப் பதினேழு புள்ளிகூட வராது. எட்டடி தூரத்தில் நின்று பார்க்கும் சுவருக்கு எழுபத்தைந்தாவது வேண்டும். நல்ல கமராவில் பகுதி பகுதியாக எடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு ஓவியரைக் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள்.

முருகைக்கல்லில் கட்டிய வீடோ மடமோ பள்ளிக்கூடமோ உங்கள் பொறுப்பில் இருந்தால், அதன் சுவரில் எதையும் ஒட்ட யாரையும் விடாதீர்கள், என்னைப்போன்ற அச்சுக்காரர் எவ்வளவு உறுதி தந்தாலும். படத்தை இன்னொரு முறை அச்சடிக்கலாம். அந்தச் சுண்ணாம்புப் பூச்சைப் பழையபடி பூசத் தெரிந்த கைகள் தீவுகளில் இப்போது மிகச் சிலவே.