படம் எங்கே போச்சு?

நம்ம மண்ணாடிப்பட்டு கொம்யூன் பற்றி முதன்முதலாக ஒரு வலைப்பக்கம் செய்தேன். மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர் கோயில் படத்தை இணையத்தில் பிடித்து, ரைட் கிளிக், 'சேவ் இமேஜ் ஆஸ்' கொடுத்து டெஸ்க்டாப்பில் போட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் கோயில் ஜம்மென்று தெரிந்தது. பக்கத்தை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோய் லேபில் ஆசிரியர் முன் திறந்தால், படமிருந்த இடத்தில் வெறும் கட்டம்!

ஐஎம்ஜி டேகில் என் சி டிரைவ் முகவரியை முழுசாக எழுதியிருந்தேன். அது லேப் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பக்கம் இருக்கும் ஃபோல்டரிலேயே படத்தையும் வைத்து, ஃபைல் பெயரை மட்டும் எழுதினால் போதும். பெயரில் இடைவெளி வேண்டாம். எல்லாம் சிறிய எழுத்தாக இருக்கட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. தேடலில் வரும் குட்டிப் படத்தைச் சேமித்துப் பெரிசாக்கினால் மங்கிப்போகும் (அதையும் செய்தவன்தான் நான்).

இன்னொன்று, சேமிக்க முடிந்ததாலேயே படம் நமதாகிவிடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படமும் அடக்கம். 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தவர் பெயரும் உரிமமும் படத்தோடே இருக்கும். இரண்டையும் படத்தின் அடியில் போடுங்கள்.

நான் பஸ் ஏறிப்போய் நானே எடுத்துவிட்டேன். படம் 4 எம்பி! 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிறகுதான் பக்கம் சட்டென்று திறந்தது.